எழுத்தே காவல்: இடைக்கால ஐரோப்பாவின் காப்பு மோதிரங்கள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய நகைகளின் படங்களைப் பார்த்துக்கொண்டே போகிறவர்கள் என்றாவது ஒருநாள் இந்த மோதிரங்களில் வந்து நிற்பார்கள். தங்கப் பட்டை, அதைச் சுற்றி எழுத்து. படித்தால் பாதி ஜெபம், பாதி உளறல் மாதிரி இருக்கும். அப்போது எழும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து வருகின்றன. அங்கே மண்ணிலிருந்து கிடைக்கும் மோதிரங்கள் முறையாகப் பதிவாகின்றன என்பதே காரணம்.

எந்த மோதிரங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

ஏறக்குறைய 9ஆம் நூற்றாண்டு முதல் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஐரோப்பாவில் அணிந்த, எழுத்து பொறித்த விரல் மோதிரங்கள். நோய், விஷம், திருடன், திடீர்ச் சாவு இவை அண்டாமல் காக்கும் என்று நம்பிச் செய்யப்பட்டவை. பொறித்திருப்பது ஜெபமாக இருக்கலாம், பைபிள் வசனமாக இருக்கலாம், யாருக்கும் பொருள் விளங்காத எழுத்துக் கோவையாகவும் இருக்கலாம்.

முத்திரை மோதிரம், காதலர் மோதிரம் என்று அதே காலத்தில் வேறு வகைகளும் இருந்தன. ஆனால் வேலி போட்டுப் பிரிக்க முடியாது. இரண்டு கைகள் கோத்திருப்பது போன்ற நிச்சயதார்த்த மோதிரங்களில், பட்டையைச் சுற்றி ‘நாசரேத்து இயேசு’ என்று பொறித்தவை நிறைய உண்டு. அணிந்தவருக்கு அது காதலும்தான், காவலும்தான்.

ஒரே ஒரு மோதிரத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்பதென்றால் எதைப் பார்க்கலாம்?

யோசிக்காமல் சொல்வேன், கவென்ட்ரி மோதிரம். 1802இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி ஊரில் கிடைத்தது. இப்போது லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த அகலமான தங்கப் பட்டை.

வெளிப்பக்கத்தில் கல்லறையில் நிற்கும் இயேசுவின் உருவம். அவருக்குப் பின்னால் சிலுவையும், பாடுகளின் (சாவுக்கு முன் அவர் பட்ட துன்பங்களின்) கருவிகளும். அங்கிருந்து மோதிரத்தைச் சுற்றிக்கொண்டே வந்தால் அவருடைய ஐந்து திருக்காயங்கள். உடம்போடு சேர்த்து வரையாமல், ஒவ்வொரு காயத்தையும் தனியாக, ரத்தத் துளிகளோடு செதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆங்கிலத்தில் ஒரு பெயர்: பரிவின் ஊற்று, இரக்கத்தின் ஊற்று, ஆறுதலின் ஊற்று, அருளின் ஊற்று, நித்திய வாழ்வின் ஊற்று.

இப்போது மோதிரத்தைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். அங்கே மொழி லத்தீனுக்கு மாறிவிடுகிறது. ‘கடவுளின் ஐந்து காயங்கள் எனக்கு மருந்து, கிறிஸ்துவின் சிலுவையும் பாடுகளும் எனக்கு மருந்து.’ இதுவரை எந்தப் பாதிரியாரும் தலையாட்டுவார். அதோடு நிற்கவில்லை. அதே வரியில், மூச்சு விடாமல், ஐந்து பெயர்கள் தொடர்கின்றன: ஜாஸ்பர், மெல்கியோர், பல்தசார், அனனிசப்தா, டெட்ராகிராம்மட்டன்.

எனக்கு இந்த மோதிரம் பிடித்துப்போனதற்குக் காரணம் அந்த வரிதான். பக்தி எங்கே முடிகிறது, மந்திரம் எங்கே தொடங்குகிறது என்று நாம் கோடு கிழிக்கப் பார்க்கிறோம். செதுக்கிய பத்தருக்கும் சரி, போட்டுக்கொண்டவருக்கும் சரி, அங்கே கோடே இல்லை. இரண்டையும் ஒரே வாக்கியமாக எழுதிவிட்டார்கள்.

இது யாரோ ஒருவருடைய தனி ஆசையும் இல்லை. லண்டனில் எட்மண்ட் ஷா என்று ஒரு பொற்கொல்லர் இருந்தார். 1482இல் அந்நகரத்தின் மேயரானார், 1488இல் இறந்தார். தன் உயிலில் 16 தங்க மோதிரங்கள் செய்து நண்பர்களுக்குக் கொடுக்கச் சொன்னார். அவற்றில் என்ன பொறிக்க வேண்டும்? பரிவின் ஊற்று, இரக்கத்தின் ஊற்று, நித்திய வாழ்வின் ஊற்று. வாழ்நாள் முழுக்க நகை செய்து விற்றவர் கடைசியாகக் கேட்டது இந்த வாசகங்களை.

ஜாஸ்பர், மெல்கியோர், பல்தசார் யார்? அவர்கள் பெயர் ஏன்?

குழந்தை இயேசுவைப் பார்க்க நட்சத்திரத்தைப் பின்தொடர்ந்து வந்த மூன்று ராஜாக்கள். பைபிளில் அவர்களுக்குப் பெயரும் இல்லை, மூன்று பேர் என்ற எண்ணிக்கையும் இல்லை. இரண்டும் பிற்காலத்து மரபு. அவர்களுடைய எலும்புகள் என்று நம்பப்பட்டவற்றை 1164இல் மிலானிலிருந்து ஜெர்மனியின் கொலோன் நகருக்குக் கொண்டுபோனார்கள். அதன்பிறகு கொலோன் பெரிய யாத்திரைத் தலமானது, மூவர் பெயரும் ஊர் ஊராகப் பரவியது.

அந்தப் பெயர்களுக்கென்று ஒரு குறிப்பிட்ட வேலை இருந்தது. காக்காய் வலிப்பைத் தடுப்பது. ‘ஜாஸ்பர் வெள்ளைப்போளம் கொண்டுவந்தார், மெல்கியோர் சாம்பிராணி, பல்தசார் பொன். இந்த மூன்று ராஜாக்களின் பெயரைத் தன்னோடு வைத்திருப்பவன் கிறிஸ்துவின் கருணையால் விழும் நோயிலிருந்து விடுபடுவான்’ என்று ஒரு லத்தீன் பாட்டு உண்டு. வலிப்பு வந்தவர் விழுவதால் அதற்கு ‘விழும் நோய்’ என்று பெயர். ராஜாக்களும் குழந்தையின் முன்னால் விழுந்து வணங்கியவர்கள்தானே! இந்தப் பொருத்தம்தான் அவர்களை இந்த நோய்க்கு அதிகாரிகளாக்கியிருக்க வேண்டும்.

கிராமத்து மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் மான்ட்பெலியே நகரில் மருத்துவம் கற்பித்த பெர்னார்ட் டி கோர்டன், வலிப்பு வந்து கிடப்பவரின் காதில் வாய் வைத்து இந்தப் பாட்டை மூன்று தடவை சொன்னால் உடனே எழுந்துவிடுவார் என்று எழுதியிருக்கிறார். வலிப்பு பெரும்பாலும் சில நிமிடங்களில் தானாகவே அடங்கிவிடும். மூன்று தடவை சொல்லி முடிக்கும்போது நோயாளி கண் திறந்தால் பாட்டுக்குப் பேர் கிடைக்கும். அப்படித்தான் கிடைத்தது.

அனனிசப்தா, அக்லா, தேபால் என்பதெல்லாம் என்ன மொழி?

ஒவ்வொன்றும் ஒவ்வொரு வழியில் வந்தது.

டெட்ராகிராம்மட்டன் புரியக்கூடியது. யூதர்கள் வாய்விட்டுச் சொல்லாத கடவுளின் பெயரைக் குறிக்கும் கிரேக்கச் சொல், ‘நான்கெழுத்து’ என்று பொருள். பெயரை எழுத முடியாததால் அதைச் சுட்டும் சொல்லை எழுதினார்கள். போகப் போக அந்தச் சொல்லே ஒரு பெயர் மாதிரி ஆகிவிட்டது.

அக்லா எபிரேய மொழியில் ‘ஆண்டவரே, நீர் என்றென்றும் வல்லவர்’ என்னும் நான்கு சொற்களின் முதலெழுத்துகள். எபிரேயம் ஒரு எழுத்துகூடத் தெரியாத ஊர்களுக்கெல்லாம் இது போயிருக்கிறது. நார்வேயில் மரக்குச்சியில் ரூன் எழுத்தில் (வட ஐரோப்பாவின் பழைய எழுத்து முறை) செதுக்கிவைத்த அக்லாக்கள் கிடைத்திருக்கின்றன.

அனனிசப்தாதான் புதிர். இதையும் முதலெழுத்துக் கோவையாகக் காட்ட ஒரு விளக்கம் உண்டு: ‘நாசரேத்தானின் மாற்று மருந்து விஷச் சாவை அகற்றட்டும், திரித்துவம் உணவையும் பானத்தையும் புனிதமாக்கட்டும்’ என்ற லத்தீன் வாக்கியத்திலிருந்து வந்ததாம். எனக்கு இது சொல் பிறந்தபிறகு அதற்குத் தைத்த சட்டை போலத்தான் படுகிறது. எப்படியானாலும், விஷத்துக்கும் வலிப்புக்கும் இதை நம்பினார்கள். இங்கிலாந்தின் மிடில்ஹாம் ஊருக்கு அருகே 1985இல் மெட்டல் டிடெக்டரில் சிக்கிய ஒரு பெரிய நீலக்கல் பதக்கத்திலும் இதே சொல் இருக்கிறது. மோதிரம் இல்லைதான், ஆனால் எழுத்தின் குடும்பம் ஒன்றே. யார்க்ஷயர் மியூசியம் பின்னாளில் 25 லட்சம் பவுண்டு கொடுத்து அதை வாங்கியது.

கடைசியாக ‘தேபால் குட் குட்டானி’. எந்த மொழியிலும் இதற்குப் பொருள் கிடையாது. லத்தீனில் கீல்வாதத்துக்கு ‘குட்டா’ என்று பெயர், அதன் ஒலி இதில் கேட்கிறது. அதனால் மூட்டு வலிக்கான மந்திரம் என்று பலர் கருதுகிறார்கள். ‘பூரோ பெர்ட்டோ பெர்னெட்டோ’ என்று இன்னொன்று இருக்கிறது. அதைப் பல்வலிக்குப் போடுவார்கள். வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உதடு மோதும் ஓசை நன்றாக இருக்கும்.

வேறு என்னென்ன ஆபத்துகளுக்கு மோதிரம் போட்டார்கள்?

இன்றைய வாசகருக்குச் சட்டென்று பிடிபடாதது திடீர்ச் சாவு. அன்றைய கத்தோலிக்கருக்குச் சாவைவிடப் பெரிய பயம் அது. பாவசங்கீர்த்தனம் செய்யாமல் (குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறாமல்), சாகும் தறுவாயில் குரு எண்ணெய் பூசும் கடைசிப் பூசுதல் பெறாமல் போய்ச் சேர்ந்தால் ஆன்மாவின் கதி என்ன? ‘நாசரேத்து இயேசு, யூதர்களின் அரசன்’ என்ற சிலுவை வாசகம் அதற்கான காப்பு. அபிங்டன் ஊர்ப் புனித எட்மண்ட் சிறுவனாக இருந்தபோது இயேசு அவருக்குத் தோன்றி, தினமும் இரவில் நெற்றியில் இந்தப் பெயரை எழுதிக்கொண்டால் திடீர்ச் சாவு வராது என்று சொன்னதாகக் கதை. நெற்றியில் எழுதினால் அழிந்துவிடும், விரலில் போட்டால் நிற்கும்.

வழிப்பயணத்துக்கு வேறு வசனம். ‘இயேசுவோ அவர்கள் நடுவே கடந்து போய்விட்டார்’ என்று லூக்கா நற்செய்தியில் வரும். மலையுச்சியிலிருந்து தள்ளிவிட வந்த கூட்டத்தின் நடுவே அவர் நடந்து போன இடம் அது. திருடர் கண்ணில் படாமல் ஊர் போய்ச் சேர இதைவிடப் பொருத்தமான வசனம் ஏது? மோதிரத்தில் மட்டுமா, இங்கிலாந்து ராஜா மூன்றாம் எட்வர்ட் 1344இல் வெளியிட்ட நோபிள் என்ற தங்க நாணயத்திலேயே இது பொறிக்கப்பட்டது.

‘அருள் நிறைந்த மரியே’ என்பது எல்லாவற்றுக்கும் பொது.

எழுத்துப் பிழை இருந்தால் மோதிரம் பலிக்காதா?

பிழை இருக்கும் மோதிரங்கள்தான் ஏராளம். இங்கிலாந்தில் தேம் என்ற ஊரில் 1940இல் ஆற்றங்கரையில் ஐந்து மோதிரங்களும் பத்து வெள்ளி நாணயங்களும் சேர்ந்து கிடைத்தன. இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் மியூசியத்தில் இருக்கின்றன. அவற்றில் பிரமாதமானது, இரட்டைக் குறுக்குச் சிலுவை வடிவில் செவ்வந்திக்கல் வெட்டிப் பதித்த மோதிரம். உள்ளே புனிதப் பண்டம் (புனிதரின் எலும்புத் துண்டு போன்றது) வைப்பதற்கென்றே செய்தது, ராஜா வீட்டு வேலைப்பாடு. அதில் ‘ஆண்டவரே என்னை நினைவுகூரும்’ என்று லத்தீனில் பொறித்திருக்கிறது. ‘மெமெண்டோ’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘மெமாண்டோ’ என்று இருக்கிறது. இவ்வளவு காசு கொட்டிச் செய்தவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை!

சாதா வெள்ளி மோதிரங்களைக் கேட்கவே வேண்டாம். நாசரேனுஸ் என்ற சொல் இடம் போதாமல் நாசரே என்று நின்றுவிடும். லத்தீன் மரியாள் வாழ்த்து ‘கிராசியா’ என்ற சொல்லின் பாதியில், ‘கிரா’ என்ற இடத்திலேயே முடிந்துவிடும். சிலதில் எழுத்து வரிசையே கலைந்து கிடக்கும். செதுக்கியவருக்குப் படிக்கத் தெரியாமல், முன்னால் இருந்த மாதிரியைப் பார்த்து வடிவத்தை மட்டும் எடுத்திருப்பார். போட்டுக்கொண்டவருக்கும் பெரும்பாலும் படிக்கத் தெரியாது. கடவுளுக்குத் தெரியும், பேய்க்கும் தெரியும், அது போதும் என்று நினைத்திருப்பார்கள்.

அப்படியானால் இவை படிப்பதற்காக எழுதப்படவே இல்லையா?

என் கணிப்பு அதுதான். எழுத்து உடம்பில் பட வேண்டும், அதுதான் முக்கியம். கவென்ட்ரி மோதிரத்தில் மருந்து என்ற சொல் வரும் வரி தோலைத் தொடும் உள்பக்கத்தில் இருப்பது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. வெளியே படம், ஊருக்கு. உள்ளே எழுத்து, உடம்புக்கு.

ஆனால் எல்லா உள்பக்க எழுத்தையும் ரகசிய மந்திரம் என்று எண்ணிவிடக் கூடாது. 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புனிதர் உருவம் செதுக்கிய மோதிரங்களின் உள்ளே ‘நல்ல ஆண்டாகட்டும்’ என்று பிரெஞ்சில் எழுதியிருக்கும். வெறும் புத்தாண்டுப் பரிசு.

ரூன் எழுத்து மோதிரங்களும் இந்த வகையா?

இவை காலத்தால் முந்தியவை, 9 அல்லது 10ஆம் நூற்றாண்டு. 1817இல் கார்லைல் நகருக்கு அருகே கிங்மூர் என்ற இடத்தில் ஒரு தங்க மோதிரம் கிடைத்தது. அதில் 30 ரூன் எழுத்துகள். 27 வெளியே, மிச்சம் 3 உள்ளே. ‘ஆர்க்ரியூஃப்ல்ட் க்ரியூரிதோன் க்லாஸ்தாபோன்தோல்’ என்று ஏறக்குறைய உச்சரிக்கலாம். பழைய ஆங்கிலத்தில் இதற்கு அர்த்தம் தேடினால் கிடைக்காது.

தற்செயலான கிறுக்கலாகவும் இருக்க முடியாது. யார்க்ஷயரின் பிராம்ஹம் மூர் பகுதியில் கிடைத்து இப்போது டென்மார்க் தேசிய மியூசியத்தில் உள்ள மோதிரத்திலும் கிட்டத்தட்ட இதே கோவை இருக்கிறது. அதில் எழுத்துகள் 9, 9, 12 என்று மூன்று பகுதிகளாகப் பிரிந்திருக்கின்றன. எல்லாமே மூன்றின் மடங்கு. பழைய ஆங்கில மருத்துவச் சுவடி ஒன்றில் ரத்தப்போக்கை நிறுத்தச் சொல்லும் மந்திரத்தில் ‘ஆர்க்ரியூ’ என்ற அதே தொடக்கம் வருகிறது. ஆக, இவை வாளெடுத்துப் போனவர் விரலில் இருந்த ரத்தக் கட்டு மந்திரமாக இருந்திருக்கலாம்.

கல்லுக்கு மகிமையா, எழுத்துக்கா?

இரண்டையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது என்பதுதான் அவர்கள் கணக்கு. 11ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் ரென் நகர ஆயராக இருந்த மார்போட், கற்களின் குணங்களைச் செய்யுளாகவே பாடிவைத்தார். நீலக்கல் உடம்பைக் காக்கும், வஞ்சனையையும் பொறாமையையும் விலக்கும். அந்த நீலக்கற்களில் நல்லவை இலங்கையிலிருந்து கடல் தாண்டி, பல வியாபாரிகள் கை மாறிப் போனவை.

வேடிக்கையானது தேரைக்கல். கிழட்டுத் தேரையின் தலைக்குள் விளைவதாகவும், விஷம் பக்கத்தில் வந்தால் சூடாகிக் காட்டிக்கொடுக்கும் என்றும் நம்பினார்கள். பழுப்பு நிறத்தில், பொத்தான் போல வழவழப்பாக இருக்கும். உண்மையில் அது டைனோசர் காலத்து மீன் ஒன்றின் பல், புதைபடிவமாகிக் கிடைத்தது. தேம் புதையலின் ஐந்து மோதிரங்களில் ஒன்றில் இந்தக் கல்தான் இருக்கிறது.

நம்மூர்த் தாயத்து மாதிரி என்று சொல்லலாமா?

தொடர்பு எதுவும் கிடையாது, ஒன்றிலிருந்து மற்றொன்று வரவில்லை. ஆனால் புரிந்துகொள்ள உதவும். தாயத்துக்குள் சுருட்டிவைத்த தகட்டை நாமும் எடுத்துப் படிப்பதில்லை. ராசிக்கல் மோதிரத்தில் கல்லின் அடிப்பக்கம் விரலில் பட வேண்டும் என்று ஜோசியர் சொல்வார், பத்தரும் அடியைத் திறந்துவைத்துக் கட்டித் தருவார். இடைக்கால ஐரோப்பிய மோதிரங்களிலும் அப்படி அடி திறந்த கட்டுகள் உண்டு. காரணமும் அதேதான்.

திருச்சபை இதைத் தடுக்கவில்லையா?

தடுத்தது, அனுமதித்தது, இரண்டும் நடந்தது. 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் என்ற பெரிய இறையியலாளர் இந்தக் கேள்வியை நேராகவே எடுத்துக்கொண்டார். புனித வார்த்தைகளைக் கழுத்தில் அணிவது தவறா? தவறில்லை, ஆனால் நிபந்தனை உண்டு என்றார். பேய்களைக் கூப்பிடும் வார்த்தை இருக்கக் கூடாது. பொருள் தெரியாத பெயர்கள் கூடாது. சிலுவைக் குறி தவிர வேறு குறிகள் கூடாது. எழுதும் முறையிலோ கட்டும் விதத்திலோ சக்தி இருப்பதாக நம்பக் கூடாது.

இந்த அளவுகோலைக் கவென்ட்ரி மோதிரத்தில் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் தேறிவிடும். உள்பக்கத்தில் பாதி வரி வரை தேறும், அனனிசப்தா வந்ததும் தோற்றுவிடும். அக்குவினாஸ் சொல்லி இருநூறு ஆண்டு கழித்துச் செய்த மோதிரம் அது! சட்டம் பாட்டுக்கு இருந்தது, பத்தர்கள் பாட்டுக்குச் செதுக்கினார்கள்.

மோதிரத்தால் யாருக்காவது ஆபத்து வந்ததா?

ஜோன் ஆஃப் ஆர்க், ஆங்கிலேயருக்கு எதிராகப் பிரெஞ்சுப் படையோடு போன கிராமத்துப் பெண். 1431இல் ரூவான் நகரில் நடந்த விசாரணையில் அவளுடைய மோதிரங்களைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார்கள். பதில்கள் எல்லாம் எழுத்தில் இருக்கின்றன. ஒரு மோதிரம் தொம்ரெமி கிராமத்தில் பெற்றோர் தந்தது, அதை அவளைச் சிறைபிடித்த பர்கண்டிக்காரர்கள் பிடுங்கிவிட்டார்கள். இன்னொன்று அண்ணன் தந்தது, அது விசாரிக்கும் ஆயரிடமே இருக்கிறது, அதைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுங்கள் என்றாள். பெற்றோர் தந்ததில் மூன்று சிலுவையும் ‘இயேசு மரியா’ என்ற பெயரும் இருந்தன. தங்கமா பித்தளையா என்று தனக்கே தெரியாது, தங்கமானாலும் சுத்தத் தங்கம் இல்லை.

மோதிரத்தால் யாரையாவது குணப்படுத்தினாயா? ஒருபோதும் இல்லை. போருக்குப் போகும்போது அதையே ஏன் பார்த்துக்கொண்டிருந்தாய்? பார்க்கப் பிடித்திருந்தது, அம்மா அப்பா மேல் உள்ள மரியாதை.

ஊரில் ஆயிரம் பெண்கள் போட்டிருந்திருக்கக்கூடிய மோதிரம்தான். ஒருத்தியை மாட்டிவிட வேண்டும் என்று முடிவெடுத்துவிட்டால் அதே மோதிரம் சூனியத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. மோதிரத்தில் இருந்த எழுத்தைவிட, போட்டிருந்த ஆள் யார் என்பதுதான் அங்கே எடுபட்டது.

அவளுடையது என்று சொல்லப்பட்ட ஒரு மோதிரத்தை 2016இல் லண்டன் ஏலத்தில் பிரான்சின் புய் து ஃபூ கேளிக்கைப் பூங்கா வாங்கியது. அது அசல்தானா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

ஏழைகளும் போட்டார்களா?

போட்டார்கள். தங்கம் பணக்காரர்களுக்கு, வெள்ளியும் தங்க முலாம் பூசிய வெள்ளியும் நடுத்தரத்துக்கு, பித்தளை போன்ற செம்புக் கலவை மற்றவர்களுக்கு. வாசகம் பெரும்பாலும் ஒன்றுதான்.

ராஜா மந்திரித்த மோதிரம் என்று ஒன்று இருந்ததாமே?

இருந்தது, அதில் எழுத்து இல்லை. பெரிய வெள்ளியன்று இங்கிலாந்து ராஜா பீடத்தில் காணிக்கையாகக் காசு வைப்பார். பிறகு வேறு காசு கொடுத்து அதை மீட்டு, உருக்கி மோதிரமாக்குவார்கள். தசைப்பிடிப்புக்கும் வலிப்புக்கும் கைகண்ட மருந்து என்று பேர். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இரண்டாம் எட்வர்ட் காலத்திலிருந்தே பதிவு உண்டு. பிற்காலத்தில் செய்துவைத்த மோதிரங்களையே தட்டில் கொண்டுவந்து வைக்க, முடிசூட்டில் எண்ணெய் பூசப்பட்ட தன் கையால் ராஜா தேய்த்துக் கொடுப்பார். வெளிநாட்டுத் தூதர்கள்கூடக் கேட்டு வாங்கிப் போவார்கள். வெறும் வளையங்கள் என்பதால் இன்று ஒரு பழைய மோதிரத்தைக் காட்டி இது அதுதான் என்று சொல்ல வழியில்லை.

ஐரோப்பாவின் மேற்கில் மட்டும்தான் இந்த வழக்கமா?

இல்லை. பைசாந்தியத்தில், அதாவது கிழக்கு ரோமப் பேரரசில், இன்னும் பழையது. 6ஆம் நூற்றாண்டு மருத்துவர், டிரால்லெஸ் ஊர் அலெக்சாந்தர், வயிற்று வலிக்கு ஒரு மோதிரம் சொல்கிறார். இரும்பில் செய், எட்டுப் பட்டை வை, ‘ஓடு, ஓடு, பித்தமே, வானம்பாடி உன்னைத் தேடிக்கொண்டிருந்தது’ என்று பொறி. இவருடைய அண்ணன்தான் கான்ஸ்டான்டினோபிளின் ஹகியா சோஃபியா பேராலயத்தைக் கட்டிய இருவரில் ஒருவரான ஆந்தேமியஸ். ஒரே வீட்டில் ஒருவர் அந்தக் கும்மட்டத்துக்குக் கணக்குப் போட, இன்னொருவர் பித்தத்தை மிரட்ட வானம்பாடியை அனுப்பிக்கொண்டிருந்தார். எட்டுப் பட்டை மோதிரங்கள் பைசாந்தியத்தில் நிஜமாகவே கிடைத்திருக்கின்றன. ‘ஆண்டவரே, அணிந்தவருக்கு உதவும்’ என்பது அங்கே சர்வசாதாரணமான வாசகம்.

இஸ்லாமிய உலகில் அகீக் கல்லில் ஆயத்துல் குர்ஸி முதலான குர்ஆன் வசனங்களைப் பொறித்து அணிந்தார்கள். அங்கே ஒரு நல்ல அடையாளம் உண்டு. எழுத்து கண்ணாடியில் தெரிவது போலத் திரும்பியிருந்தால் அது முத்திரை, மெழுகிலோ மையிலோ பதிப்பதற்கு. நேராகப் படிக்க வந்தால் காப்பு.

எப்போது நின்றுபோனது?

இங்கிலாந்தில் மதச் சீர்திருத்தத்தோடு, அதாவது 16ஆம் நூற்றாண்டில் நாடு கத்தோலிக்கத்திலிருந்து விலகியதோடு. மேலே சொன்ன தசைப்பிடிப்பு மோதிரத்தை ஆசீர்வதித்த கடைசி அரசி முதலாம் மேரி, 1558இல் இறந்தார். அடுத்து வந்த எலிசபெத் அதைத் தொடரவில்லை. புனிதர் பெயர்களுக்குப் பதிலாக மோதிரத்துக்குள் காதல் வரிகளும், சாவை நினைவூட்டும் மண்டையோடுகளும் வந்தன. உள்பக்கம் எழுதும் பழக்கம் மட்டும் போகவில்லை.

இப்போதும் கிடைக்கின்றனவா? ஒன்று வாங்கலாமா?

உழுத வயல்களில் மெட்டல் டிடெக்டர் வைத்துத் தேடுகிறவர்களுக்கு அடிக்கடி கிடைக்கின்றன. இங்கிலாந்தில் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருள் கிடைத்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மியூசியம் எடுத்துக்கொண்டால், பொதுவாகக் கண்டெடுத்தவரும் நிலத்துக்காரரும் வெகுமதியைப் பகிர்ந்துகொள்வார்கள்.

வாங்குவதென்றால் எங்கே கிடைத்தது, எப்போது பதிவானது என்ற காகிதம் இல்லாமல் தொடாதீர்கள். அப்புறம் எழுத்தின் வடிவத்தைப் பாருங்கள். ஏறக்குறைய 1350 வரை லொம்பார்டிக் என்ற உருண்டு திரண்ட பெரிய எழுத்துகள்தான் பெரும்பாலும் வரும். அதற்குப் பிறகு கோணல் கோணலாக, குச்சி குச்சியாக நிற்கும் கரிய எழுத்து வந்துவிடும். விற்பவர் 13ஆம் நூற்றாண்டு என்று சொல்லி, மோதிரத்தில் குச்சி எழுத்து இருந்தால், மரியாதையாக நன்றி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.